கூந்தலுக்கு விலை தெரியுமா?

சலூனில் வேலை முடிந்ததும் கழுத்தில் கட்டிய துணியை உதறிவிட்டு, சின்னக் கண்ணாடி ஒன்றைப் பின்னந்தலைக்கு நேராகப் பிடிப்பார்கள். முடி வழவழவென்று தோளில் விழும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்போம். சரியாக அந்த நேரத்தில்தான் கேள்வி வரும்: "வீட்டுல என்ன ஷாம்பூ போடுறீங்க?" பெயரைச் சொன்னதும் எதிரே ஒரு சின்ன மௌனம். அப்புறம் மெதுவாக, "அதனாலதான் நுனியெல்லாம் இப்படி இருக்கு" என்று தீர்ப்பு. காசு கொடுக்கும் மேசைக்குப் பின்னால் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். இப்படி நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவது முறை வீட்டுக்கு வந்ததும், புதுப் பாட்டிலையும் குளியலறையில் பாதி தீர்ந்து கிடந்த பழைய பாட்டிலையும் மேசைமேல் வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு சைஸ் எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. புதியதில் இருந்தவை: தண்ணீர், சோடியம் லாரெத் சல்ஃபேட், கோகமிடோபுரொபைல் பீட்டெய்ன், சோடியம் குளோரைடு, கிளைகால் டைஸ்டீரேட். பழையதில்: தண்ணீர், சோடியம் லாரெத் சல்ஃபேட், கோகமிடோபுரொபைல் பீட்டெய்ன், கிளைகால் டைஸ்டீரேட், சோடியம் குளோரைடு. நான்காவதும் ஐந்தாவதும் இடம் மாறியிருந்தன. விலையில் இருந்த வித்தியாசம் அதைவிடக் கொஞ்சம் பெரிது.

விலை கூடியதெல்லாம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. சில விஷயங்களில் கூடுதல் காசுக்கு உண்மையாகவே ஏதோ கிடைக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஷாம்பூவில் இல்லை. ஏன் என்று புரிய, ஷாம்பூ என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பாட்டிலுக்குள் இருப்பது

ஷாம்பூவில் பத்தில் ஏழெட்டுப் பங்கு தண்ணீர். எந்தக் கடையில் வாங்கினாலும் இதில் பெரிய மாற்றம் இருக்காது. மீதியில் முக்கியமானவை சர்ஃபாக்டன்ட் எனப்படும் அழுக்கு நீக்கிகள். இந்த மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறு முனைக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெய் பிடிக்கிற முனை தலையில் இருக்கும் பிசுக்கைச் சூழ்ந்து கவ்விக்கொள்ளும். தண்ணீர் ஊற்றியதும் மறு முனை அதை இழுத்துக்கொண்டு போய்விடும். அவ்வளவுதான் ஷாம்பூ.

மேலே சொன்ன லாரெத் சல்ஃபேட் நன்றாகக் கழுவும். தனியாகப் போட்டால் கொஞ்சம் முரடு. பீட்டெய்ன் அதைச் சாந்தப்படுத்தும். இரண்டையும் ரசாயன ஆலைகள் டன் கணக்கில் தயாரிக்கின்றன. பெரும்பாலான பிராண்டுகள் இந்தச் சரக்கை வெளியிலிருந்து வாங்கி, தங்கள் விகிதத்தில் கலக்கின்றன. அந்த விகிதத்தில்தான் கைத்திறன். அதில் நல்லவர்களும் உண்டு, சுமாரானவர்களும் உண்டு. இரண்டு வகையும் இரண்டு விலையிலும் கிடைக்கும்.

"சலூன் ஷாம்பூ கெட்டியா இருக்கும், அதனால கொஞ்சம் போட்டாலே போதும்" என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள். சில பாட்டில்களில் அழுக்கு நீக்கி உண்மையாகவே அதிகம் இருக்கலாம். ஆனால் கெட்டியாக இருப்பது அதற்குச் சாட்சி அல்ல. சோடியம் குளோரைடு என்று பட்டியலில் பந்தாவாக உட்கார்ந்திருப்பது சாதாரண உப்பு. சல்ஃபேட் ஷாம்பூவைக் கெட்டியாக்க அதைத்தான் சேர்க்கிறார்கள். எவ்வளவு உப்பு என்பதற்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் விளைவு தலைகீழாகிவிடும். கெட்டியான சல்ஃபேட் ஷாம்பூவை ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் சற்று நேரத்தில் தண்ணீராக இளகி ஓடும். உள்ளே இருந்த அழுக்கு நீக்கி எங்கேயும் போய்விடவில்லை. ஆக, கையில் ஊற்றியதும் தேன் மாதிரி மெதுவாக இறங்குவதைப் பார்த்து மயங்க வேண்டாம். முத்து மாதிரி மினுமினுப்பதும் அப்படித்தான். அது கிளைகால் டைஸ்டீரேட் செய்கிற வேலை.

நுரையும் அளவுகோல் அல்ல. பிசுக்குள்ள தலையில் முதல் தடவை நுரை வராது, இரண்டாவது தடவை பொங்கும். ஷாம்பூ அதேதான், தலைதான் மாறியிருக்கிறது.

பின்பக்கத்தைப் படிப்பது எப்படி

பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். இது பல நாடுகளில் விதி. 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். விளையாட்டெல்லாம் இந்தக் கடைசிப் பகுதியில்தான் நடக்கிறது. அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று பாட்டிலில் போட்டிருக்காது. ஆனால் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். பொருள் கெடாமல் இருக்கச் சேர்ப்பது அது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் அதைச் சேர்க்கக் கூடாது. எனவே அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது.

என்னுடைய விலை கூடிய பாட்டிலில் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் பட்டுப் புரதமும், பெயர் வாயில் நுழையாத ஒரு மலையடிவாரப் பூவின் சாறும் இருந்தன. பாட்டிலின் முன்பக்கத்தில் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருந்ததும் அதே பூதான்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். குறைவாக இருப்பதெல்லாம் வீண் என்று அர்த்தமில்லை. முடியை மென்மையாக்கும் சில பாலிமர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தே நன்றாக வேலை செய்யும். ஆனால் இரண்டு நிமிடத்தில் கழுவி ஊற்றப்போகிற ஒன்றில் துளியூண்டு பூச்சாறு என்ன சாதிக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முடிக்கு உயிர் இல்லை

இதை ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உயிர் இருப்பது தோலுக்கு அடியில், வேரில். வெளியே வந்துவிட்ட முடி கெரட்டின் என்ற புரதத்தாலான இழை. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் 30 சென்டிமீட்டர் நீள முடியின் நுனிக்கு வயது இரண்டரை. இரண்டரை வருடமாகத் துவட்டி, சிக்கெடுத்து, வெயிலில் காட்டி, கட்டி இழுத்த ஒரு இழை அது. துணியாக இருந்தால் இந்நேரம் கரித்துணி ஆகியிருக்கும்.

இழையின் மேற்புறம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள், எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். உங்கள் முடி ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து வேரிலிருந்து நுனிக்கு நீவிப் பாருங்கள், வழுக்கும். நுனியிலிருந்து வேருக்கு நீவினால் லேசாகப் பிடிக்கும். அந்தப் பிடிப்புதான் செதில். செதில்களின்மேல் இயற்கையாகவே மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். ப்ளீச் செய்தால் அது போய்விடும், திரும்ப வளராது. செதில் உடைந்த இடங்களில் வெளிச்சம் சீராகத் தெறிக்காது, முடி மங்கலாகத் தெரியும். பக்கத்து முடியோடு உரசிச் சிக்கலும் ஆகும்.

உயிரில்லாத இழைக்கு "ஊட்டம்" கொடுக்க முடியாது, பிளந்த நுனியை நிரந்தரமாக ஒட்டவும் முடியாது. முடிவது ஒன்றுதான்: மேலே ஒரு மெல்லிய பூச்சைப் பூசி, உரசலைக் குறைத்து, அடுத்த குளியல் வரைக்கும் காப்பாற்றுவது. அதனால்தான் இந்தக் கதையில் எனக்கு ஷாம்பூவைவிட கண்டிஷனர் பெரிய ஆள்.

கண்டிஷனர் வேலை செய்யும் விதம் அழகானது. அடிபட்ட முடியின் பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். கண்டிஷனரில் இருக்கும் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு போன்றவற்றுக்கு நேர்மின்னூட்டம். எங்கே சேதம் அதிகமோ அங்கே தானாகப் போய் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். கூடவே செட்டில் ஆல்கஹால், ஸ்டீரில் ஆல்கஹால் இருக்கும். ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்து உலர்த்திவிடும் என்று பயப்படாதீர்கள். இவை மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள்கள். அப்புறம் சிலிகோன்: டைமெத்திகோன் பளபளப்புக்கு, அமோடைமெத்திகோன் சேதமான இடத்தைத் தேடி ஒட்டுவதற்கு. இந்தக் குடும்பம் முழுவதும் சூப்பர் மார்க்கெட் பாட்டிலிலும் இருக்கும், சலூன் பாட்டிலிலும் இருக்கும். அளவும் கலவையும் மாறுவதால் ஒன்று கனமாக, ஒன்று லேசாக உட்காரும். மெல்லிய முடிக்காரருக்குக் கனமான கண்டிஷனர் போட்டால், எவ்வளவு உயர்ந்த விலையானாலும், மத்தியானத்துக்குள் தலை எண்ணெய் வழிகிற மாதிரிப் படிந்துவிடும். சுருட்டை முடிக்காரருக்கு அதே பாட்டில் வரம்.

சலூன் பாட்டில் ஜெயிக்கும் இடங்கள்

முதலாவது, பிஹெச் அளவு. ஒரு கரைசல் எவ்வளவு அமிலம் என்று காட்டும் எண் அது, குறையக் குறைய அமிலம் அதிகம். தலைத் தோலின் பிஹெச் ஏறத்தாழ 5.5, முடி இழைக்கு அதைவிடக் குறைவு. ஷாம்பூவின் பிஹெச் இதைவிட மேலே போனால் முடியில் எதிர்மின்னூட்டம் கூடி உரசல் அதிகமாகும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 123 ஷாம்பூக்களின் பிஹெச் அளவைப் பார்த்தார்கள். சலூன் வகையில் முக்கால்வாசி 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தன. சாதாரணக் கடை வகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அப்படி. படித்தபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். வித்தியாசம் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. சாயம் போட்ட, ப்ளீச் செய்த முடிக்கு இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்றால் மலிவிலும் சரியான பாட்டில்கள் இருக்கின்றன என்றும் அர்த்தம். கண்டிஷனர்கள் பொதுவாக அமிலப் பக்கம் சாய்ந்தவை என்பதால், கழுவிய பிறகு அதைப் போட்டாலே பாதி சரியாகிவிடும். பிஹெச் தாள் ஒன்று கையில் இருந்தால் தண்ணீரில் கரைத்த ஷாம்பூவில் தோய்த்து வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இரண்டாவது, காப்புரிமை உள்ள சரக்கு. 2014இல் வந்த ஓலாப்ளெக்ஸ் என்ற முடிப் பராமரிப்புச் சரக்கு இதற்கு நல்ல உதாரணம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தோடு தொடர்புடைய கிரெய்க் ஹாக்கர், எரிக் பிரெஸ்லி என்ற இரண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த மூலக்கூறு அது. ப்ளீச் செய்யும்போது முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள் உடையும். அந்தச் சேதத்தைக் குறைப்பதற்கென்று செய்தது. அது உள்ளே என்ன செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்பதில் வாதங்கள் உண்டு. ஆனால் இங்கே விலைக்குப் பின்னால் ஒரு புது மூலக்கூறாவது இருக்கிறது, பூச்சாறு இல்லை. ப்ளீச் பக்கமே போகாத முடிக்கு இதில் செய்ய வேலை குறைவு.

மூன்றாவது, சாயம். இதில் நான் தயங்காமல் சலூன் கட்சி. டப்பாவில் விற்கும் சாயத்தோடு வரும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கரைசல் யார் தலைக்கும் ஒரே வீரியம். சலூனில் 3, 6, 9, 12 சதவீதம் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். வேருக்கு ஒன்று, ஏற்கெனவே சாயம் ஏறிய நுனிக்கு வேறொன்று என்று பார்த்துக் கலப்பார்கள். சாயத்தின் வேதியியல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காசு போவது கலக்கத் தெரிந்த கைக்கு. நரையை ஒரே கருப்பாக மறைப்பதற்கு மட்டும் என்றால் டப்பாவே போதும். எதுவானாலும் 48 மணி நேரம் முன்னால் தோலில் ஒரு துளி வைத்துப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். பிபிடி என்ற சாயப் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும், விலை எதுவானாலும்.

பொடுகு வந்தால் கதை திரும்பிவிடும். அங்கே தேவை மருந்து: கீட்டோகோனசோல், செலீனியம் சல்ஃபைடு மாதிரி. மருந்துக்கடை பாட்டிலைப் போட்டு, அட்டையில் சொன்ன நிமிடங்கள் தலையில் ஊறவிட்டுக் கழுவுங்கள். உடனே கழுவிவிட்டு "வேலை செய்யல" என்பவர்கள்தான் அதிகம்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

சலூன் பிராண்டும் கடை பிராண்டும் வேறு வேறு உலகம் என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. கெராஸ்தாஸ், ரெட்கென், மேட்ரிக்ஸ் மூன்றும் லோரியால் குழுமத்தைச் சேர்ந்தவை. கார்னியேவும் அதே வீடுதான். ட்ரெஸெமே 1940களில் சலூன்களுக்கு மட்டும் விற்ற சரக்கு. இன்று அது யூனிலீவரின் கையில், சூப்பர் மார்க்கெட் அலமாரியில். ஒரே முதலாளி என்பதால் பாட்டிலுக்குள் இருப்பதும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு பக்கம் கற்றுக்கொண்டது மறு பக்கத்துக்கும் போகும். சில சமயம் புதுமை மலிவுப் பக்கத்திலிருந்தே வரும்: ஷாம்பூவும் கண்டிஷனரும் ஒன்றாகச் சேர்ந்த டூ-இன்-ஒன் வகையைப் பரவலாக்கியது 1987இல் பி அண்ட் ஜி (பிராக்டர் அண்ட் கேம்பிள்) நிறுவனம் கொண்டுவந்த பெர்ட் ப்ளஸ். சாதாரணக் கடைச் சரக்கு. அழுக்கை எடுத்துக்கொண்டே சிலிகோனை முடியில் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது லேசான கணக்கு இல்லை.

அப்படியானால் கூடுதல் காசு எங்கே போகிறது? வாசனைக்கு, கனமான பாட்டிலுக்கு, சலூனுக்குக் கொடுக்கும் பங்குக்கு, முடி வெட்டுகிறவர்களுக்கு நடத்தும் பயிற்சிகளுக்கு, குறைவாகத் தயாரிப்பதால் ஏறும் செலவுக்கு. வாசனைக்குக் காசு கொடுப்பது தப்பில்லை. தினமும் காலையில் ஐந்து நிமிடம் சந்தோஷம் கொடுக்கிறது என்றால் அது போதுமான காரணம்தான். அதை முடிக்கு மருத்துவம் என்று நினைத்துக்கொண்டால்தான் சிக்கல்.

விலை பாதுகாப்புக்கும் உத்தரவாதம் இல்லை. 2011இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சலூன்களில் முடியை நேராக்கப் பயன்பட்ட ஒரு சரக்கின் தயாரிப்பாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று அட்டையில் போட்டிருந்தது. சோதித்துப் பார்த்தால் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் பொருள் அதில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது. "சல்ஃபேட் இல்லை" என்ற வாசகத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். சல்ஃபேட்டுக்குப் பதிலாக ஓலிஃபின் சல்ஃபோனேட் இருக்கும். பெயர்தான் வேறு, கழுவுகிற வேகத்தில் அண்ணனுக்குத் தம்பி சளைத்தவன் இல்லை.

அப்படியென்றால் சலூனில் அன்று முடி ஏன் அவ்வளவு அழகாக இருந்தது? இரண்டு முறை கழுவினார்கள், நாம் ஒரு முறை. வீட்டில் அரை நிமிடம் அலசுவதை அங்கே பொறுமையாக அலசினார்கள். பிளந்த நுனியை வெட்டித் தள்ளினார்கள். அப்புறம் உருளைச் சீப்பில் சுற்றி, இழுத்துப் பிடித்து, சூடான காற்றில் காயவைத்தார்கள். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் விடும், காய்ந்தால் மறுபடி சேரும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவம் நிற்கும். அடுத்த குளியலில் அது கலைந்துவிடும், எந்தப் பாட்டிலை ஊற்றினாலும்.

பாதித் தலைச் சோதனை

ஷாம்பூ நிறுவனங்களின் ஆய்வகங்களில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் தலையையே நடுவகிடு எடுத்துப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் ஒரு சரக்கு, மறு பக்கம் வேறொன்று போட்டு ஒப்பிடுவார்கள். ஒரே ஆள், ஒரே தண்ணீர், ஒரே வெயில் என்பதால் வித்தியாசம் தெரிந்தால் அது சரக்கின் வித்தியாசமாகத்தான் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இதை வீட்டில் செய்யலாம். வேறொருவரிடம் சொல்லி இரண்டையும் ஒரே மாதிரி டப்பாக்களில் ஊற்றி, "இடது", "வலது" என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். கண்டிஷனர் இரண்டு பக்கமும் ஒன்றே.

நான் மூன்று வாரம் செய்தேன். டப்பாக்களை நிரப்பித் தந்தது தங்கை. வாசனையை வைத்து எது எது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் நாளே கண்டுபிடித்தும்விட்டேன். அதனால் என் தீர்ப்பு செல்லாது என்று சொல்லிவிட்டு, கடைசி நாள் என் பெரியம்மா மகளை உட்கார வைத்து, கண்ணை மூடித் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நீவிப் பார்த்தாள்.

"வலதுதான் அக்கா, நல்லா மெத்துன்னு இருக்கு."

வலது பக்கம் மலிவுப் பாட்டில். நான் ஜெயித்த மாதிரி சிரித்தேன். தங்கைதான் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீ எப்பவும் இடது பக்கமா ஒருக்களிச்சுத்தானே தூங்குவ?"